உள்ளூரில் ஒரு துணை: குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கி வளர்ப்பது எப்படி

உங்கள் ஊரில் மூன்று நான்கு பேர் சேர்ந்து, வீட்டுக்குள் அடிபடும் பெண்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச ஆரம்பித்திருக்கிறீர்களா? இல்லை, அப்படி ஒரு சின்ன அமைப்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? இந்த வழிகாட்டி உங்களுக்காகத்தான். தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரையோ தாலுகா ஊரையோ மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய சராசரி 29.3. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கும் மாநிலத்தில் நிலைமை இது. ஆகவே உங்கள் ஊரில் தேவை இருக்கிறதா என்று கணக்கெடுப்பு நடத்தி நேரம் போக்க வேண்டாம். இருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒரு வரிசையைப் பற்றி. இப்படிப்பட்ட அமைப்பு முதலில் காதாக இருக்க வேண்டும், அப்புறம் காலாக, அப்புறம் காகிதமாக, கடைசியில்தான் கட்டடமாக. அதாவது கேட்பது, கூடப் போவது, எழுத்தில் கொண்டுவருவது, தங்க இடம் கொடுப்பது. பலரும் கடைசியிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். கட்டடத்துக்கு நன்கொடை சுலபமாகக் கிடைக்கும், திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். ஆனால் நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்ணோடு எப்படிப் பேசுவது என்று தெரிந்த ஆள் உள்ளே இல்லையென்றால் அந்தக் கட்டடத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

லண்டனின் சிஸ்விக் பகுதியில் 1971இல் திறந்த வீடு, பெண்கள் கூடிப் பேசுவதற்கான இடமாகத்தான் தொடங்கியது. அடிபட்ட பெண்கள் பிள்ளைகளோடு வந்து தங்க ஆரம்பித்த பிறகுதான் அது புகலிடமானது. நம் பக்கத்தில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சென்னையின் பிசிவிசி அமைப்பைப் பாருங்கள். 2001இல் தொடங்கியது. இன்று அவசரத் தொலைபேசி, தங்குமிடம் என்று பல வேலைகள் நடக்கின்றன. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் அவர்கள் செய்யும் வேலை தனியாகச் சொல்ல வேண்டியது. தீக்காயத்தோடு கொண்டுவரப்படும் பெண்களில் பலர் "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்றுதான் முதலில் சொல்வார்கள். கணவர் வீட்டார் பக்கத்திலேயே நிற்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? கூடவே இருந்து, நாள் கணக்கில் பேசினால்தான் நடந்தது தெரியவரும். பிழைத்தவர்களுக்கு அதன் பிறகு அறுவை சிகிச்சை, கழுத்தும் கையும் அசைவதற்கான பயிற்சி, முகத்தோடு வெளியே நடமாடும் தைரியம், வருமானம் என்று தேவைகள் ஒவ்வொன்றாக வரும். சென்னை ரைட்டர்ஸ் கஃபேயில் தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்கள் வேலைக்கு அமர்ந்தது இந்தத் தொடர்ச்சியில்தான். தேவை முன்னால் போக, அமைப்பு அதன் பின்னால் போயிருக்கிறது. உங்கள் வளர்ச்சியும் இப்படி நடந்தால் நிலைக்கும்.

முதல் வேலை: ஊரில் ஏற்கெனவே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயர் வைப்பதற்கும் பதிவு செய்வதற்கும் முன்னால், சில வாரங்கள் ஊரைச் சுற்றி வாருங்கள். கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகம் எங்கே என்று பாருங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரை நேரில் சந்தியுங்கள். அவர் ஒருவரே மாவட்டம் முழுவதையும் பார்ப்பவராக இருக்கலாம். உங்களால் அவருடைய சுமை குறையும் என்று தெரிந்தால் பிறகு கதவு தானாகத் திறக்கும்.

ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். 'சகி' என்ற பெயரில் 2015இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. மருத்துவம், போலீஸ், சட்டம், ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்கல் ஆகியவற்றை ஒரே இடத்தில் தருவதாகத் திட்டம். காகிதத்தில் உள்ளது எல்லா மையத்திலும் எல்லா நேரமும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இரவில் யார் இருக்கிறார், பால்மாவு கிடைக்குமா, எத்தனை வயது ஆண் பிள்ளை வரை தாயோடு ஏற்றுக்கொள்வார்கள் என்று நேரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த மகன்களைப் பல இல்லங்கள் ஏற்பதில்லை. பதிமூன்று வயதுப் பையனை விட்டுவிட்டு வர முடியாமல் அடி வாங்கும் வீட்டிலேயே இருந்துவிடும் தாய்மார்கள் நிறைய.

அப்புறம் அனைத்து மகளிர் காவல் நிலையம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. இன்று உங்கள் தாலுகாவிலோ பக்கத்திலோ ஒன்று இருக்கும். நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இதைப் பெண்களிடம் சொன்னால் பலர் நம்புவதே இல்லை. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு, கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஆசிரியர், மகளிர் குழுத் தலைவிகள் ஆகியோரையும் பாருங்கள். அடிபடும் பெண்ணை முதலில் பார்ப்பவர்கள் இவர்கள்தான்.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள்: பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100, ஆம்புலன்சுக்கு 108, தற்கொலை எண்ணத்தில் இருப்பவருக்கு மனநல ஆலோசனை தரும் 104.

காது: ஒரு தொலைபேசி எண்

தொடக்கத்துக்கு ஒரு எண், அதை எடுக்கப் பழகிய இரண்டு மூன்று பெண்கள், ஒரு குறிப்பிட்ட நேரம் போதும். நோட்டீஸில் '24 மணி நேரமும்' என்று போட ஆசை வரும். போடாதீர்கள். காலை 10 முதல் மாலை 6 வரை என்றால் அந்த நேரத்தில் ஓர் அழைப்பும் தவறக் கூடாது. மற்ற நேரத்துக்கு 181ஐ அழைக்கச் சொல்லும் பதிவுக் குரல் இருக்கட்டும். பயத்தை அடக்கிக்கொண்டு ஒருமுறை அடித்து, யாரும் எடுக்காமல் போன பெண் மறுபடி முயல வருடங்கள் ஆகலாம்.

எண்ணை வாங்கியவுடன் அது ட்ரூகாலரில் என்ன பெயரில் காட்டுகிறது என்று பாருங்கள். யாரோ 'குடும்ப வன்முறை என்ஜிஓ' என்று சேமித்து வைத்திருந்தால், நீங்கள் திரும்ப அழைக்கும்போது அந்தப் பெயர்தான் கணவர் கையில் இருக்கும் போனில் மின்னும். சாதாரணப் பெயர் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் லோகோ வேண்டாம்.

அழைப்பை எடுத்ததும் முதல் கேள்வி: "இப்ப பேச முடியுமா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" இரண்டாவது: "லைன் கட்டானா திரும்பக் கூப்பிடலாமா, எந்த நேரத்துல?" அவர் அனுமதிக்காமல் திரும்ப அழைக்கவோ குறுஞ்செய்தி அனுப்பவோ கூடாது. வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். தையல் வகுப்பு விசாரணை என்று சொல்வதாக இருந்தால் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும்.

பேச்சில் தவிர்க்க வேண்டியவை உங்கள் வாயில் இயல்பாக வரக்கூடியவைதான். "நீங்க என்ன பண்ணினீங்க?" "இத்தனை வருஷம் ஏன் பொறுத்தீங்க?" "குழந்தைங்க முகத்தைப் பார்த்தாவது…" இவை எல்லாம் அவர் ஏற்கெனவே வீட்டில் கேட்டவை. அதே போல, "உடனே வெளிய வந்துடுங்க" என்றும் சொல்லாதீர்கள். பிரிந்து போகும் நேரமும் அதற்குப் பிந்தைய மாதங்களும்தான் உயிருக்கு மிக ஆபத்தான காலம் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். பெண் கைநழுவிப் போகிறார் என்று தெரியும்போது கட்டுப்படுத்துகிறவரின் மூர்க்கம் ஏறுகிறது. வெளியே வருவதா, எப்போது, எங்கே என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் முடிவு. அவர் ஏழு முறை திரும்பிப் போனாலும் எட்டாவது முறை அதே மரியாதையோடு போனை எடுங்கள்.

சொல்ல வேண்டியது எளிமையானது: "நீங்க சொல்றதை நான் நம்புறேன். அடிக்கிறதுக்கு எந்தக் காரணமும் சரியாகாது. அடுத்து என்ன செய்யலாம்னு சேர்ந்து யோசிப்போம்."

ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கும்போது அதன் எல்லையையும் சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். இதைப் பிறகு சொன்னால் நம்பிக்கைத் துரோகமாகத் தெரியும்.

கணவரால் அடிபடும் மனைவி மட்டும்தான் அழைப்பார் என்று நினைக்க வேண்டாம். மகன் அடிக்கும் தாய், சாதி மாறிக் காதலித்ததால் வீட்டில் பூட்டி வைக்கப்பட்ட மகள், அண்ணன் துரத்தும் விதவைத் தங்கை எல்லோருமே சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். திருப்பூர் மாதிரி ஊர் என்றால் ஒடியாவோ இந்தியோ பேசத் தெரிந்த ஒருவர் உங்களுக்குத் தேவை.

ஆபத்தை அளந்து பாருங்கள்

எல்லா அழைப்பும் ஒரே அவசரம் கொண்டதல்ல. அமெரிக்காவில் செவிலியராக இருந்து ஆய்வாளரான ஜாக்குலின் கேம்ப்பெல், மனைவியைக் கொன்ற கணவர்களின் வழக்குகளை ஆராய்ந்து ஓர் அபாயக் கேள்விப் பட்டியலை உருவாக்கினார். பல நாடுகளில் இன்று அதைத்தான் அடிப்படையாக வைத்துக் கேட்கிறார்கள். அடி சமீபத்தில் கூடியிருக்கிறதா? ஆயுதம் காட்டியிருக்கிறாரா? கொன்றுவிடுவேன் என்கிறாரா, அவர் அதைச் செய்வார் என்று நீங்கள் நினைக்கிறீர்களா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? சந்தேகப்பட்டுப் பின்தொடர்கிறாரா? இவற்றில் ஒன்றை ஒருபோதும் கேட்காமல் விடாதீர்கள்: கழுத்தை நெரித்திருக்கிறாரா? ஆம் என்றால் ஆபத்து பல மடங்கு. வெளியே காயம் தெரியாமலே சில மணி நேரமோ சில நாளோ கழித்து மூச்சுக்கும் மூளைக்கும் பாதிப்பு வரலாம் என்பதால், உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

அடுத்து பாதுகாப்புத் திட்டம். அவர் அந்த வீட்டிலேயே இருக்கப் போகிறார் என்றாலும் இது வேண்டும். சண்டை தொடங்கினால் சமையலறையிலும் குளியலறையிலும் மாட்டிக்கொள்ளாமல் வாசல் இருக்கும் பக்கம் வருவது, பக்கத்து வீட்டில் ஒருவரிடம் ஒரு சொல்லை அடையாளமாகப் பேசி வைப்பது, பிள்ளைகளுக்கு 112 சொல்லிக் கொடுப்பது என்று அவருடைய வீட்டுக்கு ஏற்றபடி அவரே யோசிக்கும்படி உதவுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகை ரசீது, தினமும் சாப்பிடும் மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரு பையில் நம்பகமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியாதவற்றைப் போட்டோ எடுத்து வெளியாளிடம் கொடுத்து வைக்கலாம்.

போன் விஷயம் தனிக் கவனம் கேட்கிறது. ஆதாரும் வங்கிக் கணக்கும் கணவரின் எண்ணோடு இணைந்திருந்தால், அந்தப் பெண் எங்கே பணம் எடுத்தாலும் ஓடிபி, எஸ்எம்எஸ் கணவருக்குப் போகும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள், கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வு, அழைப்புப் பதிவுச் செயலி ஆகியவற்றைப் பாருங்கள். ஆனால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அணைத்தால் அதுவே வீட்டில் சந்தேகத்தைக் கிளப்பும். புறப்படும் நாள் வரை பழைய போன் பழையபடியே இருக்க, திட்டமிடலுக்கு வேறு போன் பயன்படுத்துவது நல்லது.

கால்: கூடப் போவது

தொலைபேசி வேலை ஓரளவு நிலைத்ததும் பெண்கள் கேட்கும் அடுத்த உதவி, "ஸ்டேஷனுக்குக் கூட வர்றீங்களா?" என்பதுதான். உங்கள் அமைப்பின் பெயர் ஊரில் பரவுவது இங்கேதான். கூடப் போகிறவர் அந்தப் பெண்ணுக்காகப் பேசக் கூடாது. பக்கத்தில் இருக்க வேண்டும், நடப்பதைக் குறிக்க வேண்டும், அவர் திணறும்போது மட்டும் நினைவூட்ட வேண்டும். தண்ணீர், பிள்ளைக்கு பிஸ்கெட், சார்ஜர், வெள்ளைத் தாள் கையில் இருக்கட்டும். காத்திருப்பு நீளும்.

காவல் நிலையத்தில் வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. எழுதிய மனுவைக் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். நடந்தது பிடிவாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்ஐஆர் போடச் சொல்லிக் கேளுங்கள். "இது எங்க லிமிட் இல்லை" என்பது மறுப்பதற்கான காரணமாகாது. எந்த நிலையத்திலும் முதல் தகவலைப் பதிவு செய்யலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அப்படியும் மறுத்தால் மாவட்ட எஸ்பிக்கு எழுத்தில் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகு நீதித்துறை நடுவரை (மாஜிஸ்திரேட்) அணுகலாம்.

நிலையத்தில் அடிக்கடி நடப்பது இரு தரப்பையும் உட்கார வைத்து, 'இனிமேல் அடிக்க மாட்டேன்' என்று எழுதி வாங்கிச் சேர்த்து அனுப்புவது. அந்தப் பெண் அதைத்தான் விரும்புகிறார் என்றால் அது அவர் உரிமை. ஆனால் கணவர் அதே அறையில் இருக்கும்போது அந்தப் பெண்ணிடம் விருப்பத்தைக் கேட்க வேண்டாம் என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளே, ஆலோசனையின்போது வன்முறையை நியாயப்படுத்திப் பேச எதிர்தரப்பை அனுமதிக்கக் கூடாது என்கின்றன. கட்டப் பஞ்சாயத்து வேலையை உங்கள் அலுவலகத்திலும் ஒருபோதும் தொடங்காதீர்கள்.

மருத்துவமனையில் 'கீழே விழுந்துட்டேன்' என்று சொன்னால் ஏஆர் எனப்படும் விபத்துப் பதிவேட்டில் அதுவே எழுதப்படும், பின்னால் நீதிமன்றத்தில் அவருக்கே எதிராக நிற்கும். இதை முன்கூட்டியே விளக்கி, உண்மையைச் சொல்வதா என்ற முடிவை அவரிடம் விடுங்கள். சொன்னால் ஏஆர் நகலைக் கேட்டு வாங்குங்கள். காயங்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ரேஷன் கார்டில் பெயர் பிரிப்பு, முகவரி மாற்றம் போன்ற சிக்கல்களுக்குக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் கைகொடுக்கும். பிள்ளைகளின் பள்ளியில் டிசி தர மறுத்தாலோ தாமதித்தாலோ கவலை வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை டிசி இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையைத் தடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

காகிதம்: அவருடைய உரிமைக்கு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 உங்கள் கையேடாக இருக்கட்டும். 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. அடி மட்டுமல்ல, பாலியல் வன்முறை, அவமானப்படுத்துவது, சம்பளத்தைப் பிடுங்குவது, செலவுக்குப் பணம் தராமல் வைப்பது எல்லாம் இதில் வன்முறைதான். பாதுகாப்பு அலுவலர் படிவம் 1இல் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரிப்பார், 12ஆம் பிரிவின்கீழ் நடுவரிடம் மனு போகும். பெண் நேராகவும் மனு போடலாம். நிகழ்வு அறிக்கை இல்லாமலும் உத்தரவிடலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் பிரபா தியாகி வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள், வழக்கை முடிக்க முயல வேண்டிய காலம் 60 நாள். நடப்பில் இது நீளும் என்பதால் 23ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவை ஆரம்பத்திலேயே கேட்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

பெண்கள் அதிகம் பயப்படுவது வீட்டைப் பற்றித்தான். "வீடு மாமனார் பேர்ல இருக்கு, என்னை வெளிய தள்ளிடுவாங்க" என்பார்கள். 2020இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் மணவாழ்க்கை நடந்த அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை மருமகள் கோரலாம். வீட்டின் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். சட்டப்படி இல்லாமல் வெளியேற்ற முடியாது என்பதுதான் பொருள். இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

பாதுகாப்பு உத்தரவு கிடைத்தால் அதன் நகல் இலவசம். ஒன்றை உள்ளூர் காவல் நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பிடிவாரண்டு இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் அது. மனைவியைக் கணவரோ அவர் வீட்டாரோ கொடுமைப்படுத்துவதற்கு எதிராக 498ஏ என்று ஊரே அறிந்த பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 85ஆம் பிரிவு. அது தண்டனைக்கான பாதை. மேலே சொன்னது பாதுகாப்புக்கும் பராமரிப்புக்குமான பாதை. இரண்டையும் விளக்குங்கள், தேர்வு அவருடையது.

காகிதம்: உங்கள் அமைப்புக்கு

பதிவு செய்ய மூன்று வழி: அறக்கட்டளை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்கீழ் குறைந்தது ஏழு பேரோடு சங்கம், அல்லது கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் நிறுவனம். நான் சங்கத்தைத்தான் பரிந்துரைப்பேன். ஒருவரோடு முடிந்துவிடாமல் இருக்க அது உதவும். நிர்வாகக் குழுவில் யாரை வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். சிறிய ஊரில், இன்று உங்களுக்கு நன்கொடை தருகிறவரின் தம்பி நாளை எதிர்தரப்பாக வந்து நிற்கலாம். கட்சி, சாதிச் சங்கம், ஜவுளிக்கடை முதலாளி என்று யாருடைய பெயரும் ஒரு பெண்ணின் கோப்பை மூட வைக்க முடியாது என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

அலுவலகம் எந்தத் தெருவில் என்பதும் பெரிய விஷயம். ஊர்த் தெருவுக்குள் இருந்தால் காலனிப் பெண்கள் வர மாட்டார்கள். பேருந்து நிலையம் பக்கத்தில், ஜெராக்ஸ் கடையும் தையல் கடையும் இருக்கும் மாடி மாதிரி, எந்தப் பெண் ஏறினாலும் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் சிறந்தது. பெரிய பெயர்ப் பலகை வேண்டாம்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் எண் கொடுத்துக் கோப்பு வையுங்கள். பெயர் ஓரிடத்தில், விவரம் வேறிடத்தில், இரண்டும் பூட்டில். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள், உங்கள் ஊகத்தைச் சேர்க்க வேண்டாம். நீதிமன்றம் ஒருநாள் அதைக் கேட்கலாம். வாட்ஸ்அப் குழுவில் வழக்கு விவரம் போடுவதை முதல் நாளே தடை செய்யுங்கள்.

மூன்று ஆண்டு தொடர்ந்து சேவை செய்த பிறகு, குடும்ப வன்முறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்கீழ் 'சேவை வழங்குநர்' என்று அரசிடம் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தகுதி வந்தால் நிகழ்வு அறிக்கையை நீங்களே பதிவு செய்து அனுப்பலாம், நல்லெண்ணத்தோடு செய்த வேலைக்காக உங்கள் மீது வழக்குத் தொடர முடியாது. அதனால்தான் முதல் ஆண்டிலிருந்தே பதிவேடுகள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

பணம்

முதல் ஆண்டில் பெரிய செலவு இருக்காது: போன், ஆட்டோ, ஜெராக்ஸ், வாடகை. ஆனால் ஒரு சிறு அவசர நிதியை எப்போதும் தனியாக வையுங்கள். பேருந்துக் கட்டணம், பால்மாவு, நாப்கின், மாற்றுத் துணி, ஒரு இரவுச் சாப்பாடு ஆகியவற்றுக்கு ரசீதுக்காகக் காத்திருக்க முடியாது. பிறகு வருமான வரிச் சட்டத்தின்கீழ் பதிவும் 80ஜி சான்றும் வாங்கினால் உள்ளூர் நன்கொடையாளர்களுக்கு வரிச் சலுகை கிடைக்கும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் அணுகலாம். வெளிநாட்டு நிதிக்கு மூன்று ஆண்டு இயங்கியிருப்பதும் அந்த மூன்று ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருப்பதும் நிபந்தனை, ஆகவே இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள்.

நிதி தருகிறவர்கள் 'வெற்றிக் கதை' கேட்பார்கள், போட்டோ கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். முகத்தை மறைத்துப் போட்டாலும் புடவையை வைத்தே அடையாளம் காணும் ஊர் நம் ஊர்.

கட்டடம்

தங்குமிடம் வேண்டும் என்று எப்போது தெரியும்? அரசு இல்லங்களிலும் மற்ற இல்லங்களிலும் இடம் கேட்டு, யாரை, ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று ஓராண்டு குறித்து வையுங்கள். வளர்ந்த மகனோடு வந்தவர், மனநல மருந்து சாப்பிடுகிறவர், குடிப்பழக்கம் உள்ளவர், மாற்றுத்திறனாளி என்று ஒரு பட்டியல் உருவாகும். உங்கள் வீடு அவர்களுக்காக இருக்கட்டும். ஏற்கெனவே இருப்பதைப் போலவே இன்னொன்று கட்ட வேண்டாம்.

பெண்களும் குழந்தைகளும் தங்கும் இல்லத்தைத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டின் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் நடத்த முடியாது. தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். வீட்டின் முகவரி அலுவலக முகவரியாக இருக்கவே கூடாது. இரவுப் பணிக்கு இருவர், குறைந்தது ஆறு மாதச் சம்பளம் வங்கியில், கணவர் ஆட்களோடு வந்து நின்றால் யாரை அழைப்பது என்ற எழுதப்பட்ட நடைமுறை, இவ்வளவும் இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள்.

உள்ளே விதிகள் குறைவாக இருக்கட்டும். போனைப் பிடுங்கி வைப்பது, வெளியே போக அனுமதி கேட்க வைப்பது, காலையில் கட்டாயப் பிரார்த்தனை இவையெல்லாம் அவர் விட்டு வந்த வீட்டையே நினைவுபடுத்தும். அவரவர் சமைக்க ஓர் அடுப்பு கொடுங்கள். பிள்ளைக்குப் பிடித்த குழம்பைத் தன் கையால் வைப்பது பல பெண்களுக்கு முதல் நிம்மதி.

ஆட்கள்

அமைப்பு வளர்வது வழக்குகளால், தேய்வது ஆட்கள் களைத்துப் போவதால். நாள் முழுக்க அடி, தீ, அழுகை கேட்கிறவருக்குத் தூக்கம் கெடும், தன் வீட்டிலேயே எரிச்சல் வரும். வாரம் ஒருமுறை வழக்குகளைப் பற்றிப் பேச ஒரு மூத்தவரோடு நேரம், தொடர்ந்து போன் எடுக்காமல் சுழற்சி, மாதம் பிறந்தால் சம்பளம் ஆகிய மூன்றும் கட்டாயம். தன்னார்வம் என்ற பெயரில் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்குவதை இந்தத் துறையாவது நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பத்துப் பேர் வேலை செய்யத் தொடங்கினால் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன்படி உள்ளகப் புகார்க் குழு அமைக்க வேண்டும்.

வன்முறையிலிருந்து மீண்டு வந்த பெண்கள் வேலைக்கு வர விரும்புவார்கள். அவர்களைப் போல யாரும் போனில் பேச முடியாது. ஆனால் தன் வழக்கு முடிந்து, மனம் நிலைப்பட அவகாசம் கொடுத்த பிறகு வரட்டும்.

எதை எண்ணுவது, எப்போது விரிவது

ஆண்டறிக்கையில் 'இத்தனை குடும்பங்களைச் சேர்த்து வைத்தோம்' என்று எழுதாதீர்கள். 'இத்தனை பேரைப் பிரித்தோம்' என்பதும் வேண்டாம். எத்தனை அழைப்புகளை எடுத்தோம், எத்தனை தவறின, பாதுகாப்புத் திட்டம் எத்தனை பேருக்குப் போடப்பட்டது, ஒருமுறை பேசியவர்களில் எத்தனை பேர் மறுபடி அழைத்தார்கள் என்று எண்ணுங்கள். மறுபடி அழைப்பதுதான் நம்பிக்கையின் அளவு.

பக்கத்து தாலுகாவிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கினால் அங்கே கிளை திறக்கச் சொல்லி நெருக்கடி வரும். இங்கே இருவர் விடுமுறை எடுத்தாலும் வேலை நிற்காது என்ற நிலை வந்த பிறகு போங்கள். அங்கே நடத்துபவர் அந்த ஊர்ப் பெண்ணாக இருக்கட்டும்.

நிதி நின்றுபோய் வேலையைச் சுருக்க நேர்ந்தால், நடப்பு வழக்கில் உள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் குறைந்தது மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். அவருடைய சம்மதத்தோடு கோப்பைப் பாதுகாப்பு அலுவலரிடமோ சேவை மையத்திடமோ ஒப்படையுங்கள். தொலைபேசி எண்ணை மட்டும் ரத்து செய்ய வேண்டாம். எங்கோ ஒரு வீட்டில் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த எண் எழுதப்பட்டிருக்கும். ஓரிரு ஆண்டாவது ரீசார்ஜ் செய்து, 181க்கு வழிகாட்டும் பதிவுக் குரலோடு அதை ஓட விடுங்கள்.